கிழவி செத்துட்டாளாம்

மார்ச் 4

வாயாடிக்கு,

அன்றைக்கு என் வாசலில் வந்து நின்றவர்கள்: என் பெரியவன். அவன் பெண்டாட்டி. என் மகள். அவள் புருஷன், கையில் பூவளையத்தோடு. என் தங்கச்சி, தேய்ந்துபோன மூட்டோடு மூன்று மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி. கீழ்வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்க. ஆறு பேர். ஏழாவதாக, செத்தவளாகிய நான். கதவைத் திறந்துவிட்டது நான்தானே.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி, கண்ணில் தண்ணீர். பெரியவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் "ஐயோ, வந்துட்டாங்க" என்று அலறிக்கொண்டு புருஷன் மேலேயே சாய்ந்தாள். என் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீ செத்துட்டியேம்மா" என்று என்னிடமே சொல்லி அழுதாள். மருமகன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ யாருதான் செத்தது?" என்று கேட்டான். பூவளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் என் கையில் கொடுத்தான். என் தங்கச்சி படியிலேயே உட்கார்ந்து, "இதுக்காடி இம்புட்டு தூரம் ஏறினேன்" என்றாள். நான் உயிரோடு இருந்தது அவளுக்கு நஷ்டம்.

பெரியவன் போனை நீட்டினான். கண்ணாடி போட்டு நானே படித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துதான் கோணல், ஞாபகம் கோணல் இல்லை. ஒரு புள்ளி விடாமல் சொல்கிறேன், நீ எழுதியது இது:

"கிழவி செத்துட்டா. காலையில பாத்தேன், அசைவே இல்ல. ஒரே நாத்தம். நாளைக்கு எரிச்சுடலாம். மூணு வருஷமா இவளோட பட்ட பாடு முடிஞ்சுது."

பட்ட பாடு. என்னடி பாடு பட்டாய் என்னோடு? வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாய். வந்தால் என் சமையலறைத் தொட்டிக்குள் கையை விட்டுச் சேற்றை வழித்துக் குப்பியில் போட்டுக்கொண்டு போவாய். நான் ஏதாவது கேட்டேனா?

அந்த வாரம் என் வீட்டுக்கு வரப்போவதாக நீ எல்லோரிடமும் சொல்லியிருந்தாய். அதனால், நீ இங்கே இருந்துதான் எழுதுகிறாய் என்று எல்லோரும் நம்பினார்கள். என் போன் முந்தின நாள் வாளித் தண்ணீரில் விழுந்து, காயட்டும் என்று அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அவர்கள் கூப்பிடக் கூப்பிட அது அரிசிக்குள் ஊமையாகக் கிடந்ததால் நான் செத்தது உறுதியாகிவிட்டது.

போன் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னோடு பேசமாட்டேன். பேசினால் நடுவில் புகுந்து சிரிக்க வைத்துவிடுவாய். கடிதத்தில் நடுவில் புக முடியாது பார். அதனால்தான் இது.

கிழவி யார், ஏன் எரிக்கச் சொன்னாய், எழுது. இன்னொன்றும் எழுது. உன் அப்பனுக்கும் அந்தச் செய்தி போயிருக்கும். உன் அப்பன் வரவில்லை. ஏன்?

இப்படிக்கு,
செத்தவள்


மார்ச் 9

பாட்டி,

நீ போனை எடுக்கவே இல்லை. சரி, நானும் எழுதுகிறேன். திட்டுவதை நிறுத்திவிட்டு முழுசாகப் படி.

அந்தச் செய்தி கண்ணாடிக்குப் போக வேண்டியது. என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற பெண், தடித்த கண்ணாடி போடுவதால் அந்தப் பெயர். விரல் தவறிக் குடும்பக் குழுவில் விழுந்துவிட்டது. அனுப்பிய கையோடு போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டேன், அங்கே போன் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் போன் முழுக்க அழுகை. பெரியப்பா, "எந்தக் கட்டில்ல கிடத்தியிருக்கே?" என்று கேட்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே தள்ளிப் பார்த்த பிறகுதான் என் செய்தி எங்கே விழுந்தது என்று தெரிந்தது.

கிழவி நீ இல்லை பாட்டி. கிழவி ஒரு பாக்டீரியா.

உன் தொட்டி வடிகாலிலிருந்து வழித்துப் போனேனே, அதில் இருந்தது. நீ எத்தனையோ வருஷம் கான்டீனுக்குச் சிப்ஸ் வறுத்துக் கொடுத்தாய். வறுத்த எண்ணெயெல்லாம் அந்த வடிகாலில்தான் போனது. அங்கே பிழைக்க வேண்டுமென்றால் எண்ணெயைத் தின்னப் பழக வேண்டும். இவள் பழகியவள். தின்றதை இவள் செலவழிப்பதில்லை. உடம்புக்குள் சின்னச் சின்ன உருண்டையாகச் சேர்த்து வைப்பாள். அதற்கென்று ஒரு நொதி வைத்திருக்கிறாள். நொதி என்றால் ஒரே ஒரு வேலை தெரிந்த துளியூண்டு கருவி என்று வைத்துக்கொள். எண்ணெயை உடைத்த துண்டுகளை எடுத்து, மணி கோர்ப்பது போல ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டே போகும். அப்படிக் கோர்த்த பொருளைப் பிரித்தெடுத்து நாங்கள் நூல் இழுக்கிறோம். ஆபரேஷன் செய்த இடத்தைத் தைக்கிற நூல். உடம்புக்குள் வைத்துத் தைத்துவிட்டால், காயம் ஆறுகிற வரைக்கும் பிடித்திருந்து, பிறகு தானாகக் கரைந்துபோகும். வெட்டி எடுக்கவே வேண்டாம்.

மற்ற இடத்துப் பாக்டீரியாக்களும் நூல் கொடுக்கும், ஆனால் மொடமொடவென்று உடையும். இவளுடையதுதான் வளையும். எவ்வளவோ வடிகால் தேடினோம், வேறு எங்கேயும் இவள் கிடைக்கவில்லை. கண்ணாடி முதல் நாள் கேட்டாள், "எங்கடி பிடிச்சே?" "எங்க பாட்டி வீட்டுல." அன்றிலிருந்து கிழவி. "கிழவிக்குச் சாப்பாடு போட்டாச்சா?" "கிழவி இன்னைக்கு நல்லா நுரைக்கிறா." பாசமாகத்தான் பாட்டி.

போன வாரம் அவளுக்கு வைரஸ் பிடித்தது. கிருமிக்கும் கிருமி உண்டு. எல்லாக் குடுவையும் ஒரே நாளில் போய்விட்டது. அதைத்தான் எரிக்க வேண்டியிருந்தது, மற்றதுக்குப் பரவாமல் இருக்க. பெரிய குளிர்பெட்டியில் அவளை உறைய வைத்த குப்பிகள் பத்திரமாக இருக்கும் என்று ஓடினேன். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர், இடம் பற்றவில்லை என்று போன மாதமே தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் இல்லாவிட்டால் என் வேலையும் போய்விடும். இனி உன் வடிகால்தான் எனக்கு. வந்து கொஞ்சம் வழித்துக்கொண்டு போகலாமா?

அப்பாவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. செய்தியும் தாமதமாகத்தான் போனது.

உன் வாயாடி


மார்ச் 13

வாயாடிக்கு,

படித்தேன். தையல்காரியை உட்கார வைத்து அவளுக்கும் படித்துக் காட்டினேன். "புழுவுக்கு உங்க பேரு வச்சிருக்காங்களா?" என்றாள். புழு இல்லையடி, புழுவை விடச் சின்னது என்று சொல்வதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது.

கிழவிக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று அங்கே இரண்டு பேர் மாறி மாறி ஒரு கிருமியைக் கேட்கிறீர்கள். இங்கே ஒரு கிழவி இருக்கிறாள். அவளை யார் கேட்டது? பாசமாம்.

வடிகாலை மறந்துவிடு. அன்றைக்கு நான் சாகவில்லை என்று தெரிந்த பிறகு எல்லோருக்கும் கை சும்மா இருக்கவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே. பெரியவன் பெண்டாட்டி சமையலறைக்குள் போய், "இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கீங்களோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு புட்டி ஆசிட்டை முழுசாக வடிகாலில் கவிழ்த்தாள். புகை வந்தது. பளபளவென்று ஆக்கிவிட்டாள் புண்ணியவதி. உன் கிழவிக்கு இங்கேயும் காரியம் முடிந்தது.

ஆனால் கேள். தொட்டி தேய்க்கிற என் பழைய பிரஷ், மரப்பிடி போட்டது, தலையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடக்கும், அதையும் குப்பையில் போட்டாள். அவள் போட்டாள் என்பதற்காகவே நான் எடுத்து வைத்தேன். என் வீட்டில் எது குப்பை என்று அவள் சொல்லக் கூடாது. அந்தப் பிரஷ்ஷால்தான் இத்தனை வருஷமும் அந்த வடிகாலைக் குத்தினேன். அதில் உன் கிழவி இருப்பாளா, நீதான் சொல்ல வேண்டும்.

இருந்தால் தருகிறேன். சும்மா தரமாட்டேன். உன் அப்பன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். என் கையிலிருந்து, அவன் கையில்.

லீவு கிடைக்கவில்லையாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு, அம்மா செத்தால் லீவு இல்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? உன் தாத்தா செத்தபோதும் இதே கதை. எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்குகிற நேரத்துக்கு வந்து நின்றான். "இப்பதான் நேரம் கெடச்சுதா உனக்கு?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். கேட்டது கேட்டதுதான், இன்னொரு தடவையும் கேட்பேன். அன்றைக்கு இறங்கினவன் இந்தப் படி ஏறவில்லை.

தையல் நூலைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாததா? உன் அப்பனைப் பெறுவதற்காக என் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். நூலை வெட்டி எடுத்த நர்சு, வாய் ஓயாமல் இன்னொருத்தியோடு பேசிக்கொண்டே எடுத்தாள். சீழ் வைத்தது. அந்த இடம் மழை நாளில் இன்றைக்கும் இழுக்கும். அந்த நர்சின் மூக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிரஷ் ஜன்னலில் காய்கிறது.

பாட்டி


மார்ச் 18

பாட்டி,

காயவிடாதே! காய்ந்தால் இருக்கிறதும் செத்துவிடும். சோப்புத் தண்ணீர் வேண்டாம், வெந்நீர் வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதில் தலை மட்டும் நனைகிற மாதிரி நிறுத்தி வை. தயவுசெய்து.

இப்போது நான் கோபப்படுகிறேன், கேட்டுக்கொள்.

என் வேலை போகப் போகிறது என்று எழுதினேன். அதற்கு ஒரு வரி உண்டா உன் கடிதத்தில்? பெரியவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த மாசக் கடைசிக்குள்ள அது திரும்பி வரலைன்னா இந்த வேலையை மூடிடலாம்மா. வேற ஏதாவது பாத்துக்க." குப்பியைத் தூக்கிப் போட்ட மனுஷன் சொல்கிறார். அவர் முகத்துக்கு நேரே, "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பேரைப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். "கிழவின்னு எழுதியிருந்துச்சு, யாரோ விளையாட்டுக்கு எழுதினதுன்னு நெனச்சேன்" என்கிறார். அந்தப் பெயரால் உனக்கு ஒரு அவமானம் என்றால், எனக்கு மூன்று வருஷம் போயிருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒரே பெயரால்தான் அடிபட்டிருக்கிறோம்.

அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் இருக்கிறதை அந்தப் பிரஷ்ஷில் கட்டித் தொங்கவிடாதே. நான் என்ன செய்தேன்? உங்கள் சண்டையில் நான் எப்போது பேசினேன்?

கிழவி ஏன் சேர்க்கிறாள் என்று உனக்குச் சொல்லவில்லை. எண்ணெயும் கொடுத்து, வளர்வதற்கு வேண்டிய உப்பும் கொடுத்தால் அவள் ஒன்றும் சேர்க்கமாட்டாள். தின்பாள், பெருகுவாள், சந்தோஷமாக இருப்பாள். அந்த ஒரு உப்பை மட்டும் நிறுத்திவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அப்போதுதான் கிடைக்கிறதையெல்லாம் உள்ளே போட்டு உருட்டி உருட்டிச் சேர்ப்பாள். வயிறு வெடிக்கிற அளவுக்கு. கோர்க்கிற நொதி மாதிரியே அவிழ்க்கிற நொதியும் அவளிடம் இருக்கிறது. திரும்ப உப்பு கொடுத்தால், சேர்த்ததையெல்லாம் அவளே அவிழ்த்துக் கரைத்துவிடுவாள்.

நர்சின் மூக்கைக்கூடச் சேர்த்து வைத்திருக்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்?

இதை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

வாயாடி


மார்ச் 21

அடியே,

நல்ல வாய். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பிரஷ் அரிசி கழுவிய தண்ணீரில்தான் நிற்கிறது. ஜாம் பாட்டிலில். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். உனக்காக இல்லை. என் வீட்டில் இருக்கிறதைச் சாகவிட்டு எனக்குப் பழக்கமில்லை.

உன் பெரியவர் பெயரைப் படித்துவிட்டும் தூக்கிப் போட்டாரே, அவருக்கு ஒரு நாள் பதில் கிடைக்கும். அதை நீ பார்த்துக்கொள். நான் உன்னிடம் கேட்பது வேறு.

தையல்காரி நேற்று ஒரு விஷயத்தைக் கக்கினாள். இத்தனை நாளும் தொண்டையில் வைத்திருந்தாளாம். அன்றைக்கு அவள் இங்கிருந்து இறங்கிப் போய் நூல் வாங்கிக்கொண்டு வரும்போது, எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் ஒருத்தன் நின்றானாம். நெட்டையாக, வழுக்கை விழ ஆரம்பித்தவன். கையில் பூப்பொட்டலம். நம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். "உங்க சின்னவரு ஜாடைதான்க்கா. உங்களை உசுரோட பாத்த குழப்பத்துல மறந்துட்டேன்" என்கிறாள். மறந்தாளாம். எதையும் மறக்காத வாய் அது. நான் தாங்கமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள். நான் எதைத் தாங்கமாட்டேன்?

லீவு கிடைக்கவில்லை என்று எழுதினாய். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் தாளில் எழுதிவிட்டாய்.

வேறு எதுவும் எழுதாதே. நொதி வேண்டாம், உப்பு வேண்டாம். வந்தானா, வரவில்லையா?

பாட்டி


மார்ச் 25

பாட்டி,

வந்தார்.

பொய் சொன்னேன். அவர்தான் சொல்லச் சொன்னார். ஆனால் எழுதியது என் கை.

பெரியப்பா போன் செய்தபோது அப்பா கிரேன் மேலே இருந்திருக்கிறார். சரக்குப் பெட்டி பாதி உயரத்தில் தொங்குகிறது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்கினாராம். மேலாளர், மாற்று ஆள் வரட்டும் என்று சொன்னதற்கு, தலைக்கவசத்தை அவர் மேஜையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வழி முழுக்க அழுதிருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டாராம்.

உன் வீட்டுக்கு எதிரே இறங்கியபோது பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். "டேய், அம்மா நல்லா இருக்குடா. சிரிப்பா சிரிக்குது பொழப்பு. மேல வா." அப்போது ஜன்னல் திறந்திருந்தது. நீ பெரியம்மாவைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாய். "என் பிரஷ்ஷைத் தொட நீ யாரு?" என்று. அது தெரு வரைக்கும் கேட்டிருக்கிறது. அவர் நின்று கேட்டிருக்கிறார். பிறகு திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் சும்மா விடவில்லை. "ஏம்ப்பா, மூணு மாடிதானே? அவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் ஏறல?" என்று கேட்டேன். சொன்னார்: "செத்தவகிட்ட பேசறதுக்கு நெறைய வச்சிருந்தேன்மா. பஸ்ஸுல பூரா அதைத்தான் பேசிக்கிட்டே வந்தேன். உசுரோட இருக்கறவகிட்ட என்ன பேசறதுன்னு தெரியல."

அவ்வளவுதான் பாட்டி. அவர் வந்து பிரஷ்ஷை வாங்கமாட்டார். கேட்டுப் பார்த்துவிட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

தருவதானால் தா. தராவிட்டால் நான் வேறு வேலை தேடுகிறேன். இனி கெஞ்சமாட்டேன்.

உன் பேத்தி


மார்ச் 27

பிரஷ் வருகிறது. தையல்காரியின் தம்பி அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஜாம் பாட்டிலோடு, ஈரத் துணி சுற்றி. மூடியை இறுக்கவில்லை, அதுவும் மூச்சு விட வேண்டுமே. வெயில் படாமல் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். "உள்ள என்ன பாட்டி, ஊறுகாயா?" என்று கேட்டான். திறந்தால் கை முறியும் என்றேன்.

மற்றதை இப்போது எழுதமாட்டேன். தாளில் சொட்டியிருப்பது பாட்டில் தண்ணீர். அழுகை என்று நினைத்துவிடாதே.


ஏப்ரல் 10

பாட்டி, பாட்டி,

வந்துவிட்டாள்!

பாட்டிலை வாங்கிய அன்றைக்கே பிரஷ் மயிரை ஒவ்வொன்றாக வெட்டி எண்ணெய்த் தட்டுகளில் வைத்தோம். முதலில் பூசணம்தான் வந்தது. அதற்குள் மாசக் கடைசியும் வந்துவிட்டது. பெரியவர் வந்து, தட்டுகளை எடுத்துவிடலாம் என்றார். கண்ணாடி அவரிடம், "சார், தட்டை எடுத்தீங்கன்னா நான் உங்களை எடுத்துருவேன்" என்றாள். அவளா அப்படிப் பேசினாள் என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு வாரம் கொடுத்தார். ஐந்தாவது தட்டில், ஓரத்தில், வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி. எண்ணெய் கொடுத்து உப்பை நிறுத்திப் பார்த்தோம். சேர்க்கிறாள் பாட்டி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றும் உருண்டை உருண்டையாக மின்னுகிறது. நேற்று ஒரு முழ நூல் இழுத்தேன். விரலில் சுற்றினால் வளைகிறது, உடையவில்லை.

இந்தத் தடவை குப்பிகளை மூன்று இடத்தில் உறைய வைத்திருக்கிறேன். பெயர் என்ன எழுதட்டும்? நீ சொல்கிறதைத்தான் எழுதுவேன்.

கோபம் போய்விட்டதா?

உன் வாயாடி


ஏப்ரல் 15

வாயாடிக்கு,

பிழைத்துக்கொண்டாள் என்று படித்தேன். ஆசிட்டில் சாகாமல், வைரஸில் சாகாமல், ஒரு மரப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பெயர் அதுவே இருக்கட்டும். கிழவி என்றே எழுது. தெளிவாக எழுது, எந்தப் பெரியவர் படித்தாலும் விளையாட்டு என்று நினைக்காத மாதிரி. மறுபடி அவள் செத்தால், அனுப்புவதற்கு முன்னால் யாருக்கு அனுப்புகிறாய் என்று பார்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டாய். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெரியவன் பெண்டாட்டி போன வாரம் புது பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். மருமகன் "யாருதான் செத்தது?" என்று கேட்டதை நினைத்து இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. என் தங்கச்சி அந்த மூட்டு வலியோடு ஏறினாள், அவளை ஒன்றும் சொல்வதற்கில்லை. தையல்காரி மறைத்ததையும் விட்டுவிட்டேன். நீ என்னைக் கிருமியாக்கினாய், பொய் எழுதினாய், வாய்க்கு வாய் பேசினாய். அதுவும் போகட்டும். நூல் வளைகிறது என்று எழுதினாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

உப்பை நிறுத்தினால் சேர்ப்பாள் என்று என்னைக் குத்திக் காட்டினாய். அது சரிதான். நிறுத்தினது யார் என்று மட்டும் நீ கேட்கவே இல்லை.

செத்தவளிடம் பேச நிறைய வைத்திருந்தானாம். பஸ் முழுக்க அழுதானாம். யாரோ ஒரு வழிப்போக்கன் கேட்டான் அந்த அழுகையை, நான் கேட்கவில்லை. அந்தப் பூப்பொட்டலத்தை என்ன செய்தான்? அதையாவது கேட்டாயா அவனை? என் குரல் அவனுக்குக் கேட்டது. கேட்ட பிறகும் போனான். நான் பிணமாகக் கிடந்திருந்தால் இந்த மூன்று மாடியையும் ஓடியே ஏறியிருப்பான். வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்றேன், அது என் குற்றம்.

அதனால் ஒன்று சொல்லி வைக்கிறேன், மறக்காதே. நான் நிஜமாகச் செத்தால் எல்லோருக்கும் சொல். அவனுக்கு மட்டும், கிழவி நல்லா இருக்கா, உசுரோட கத்திக்கிட்டிருக்கா என்று செய்தி அனுப்பு. வரமாட்டான்.

நீ செய்கிற நூலை நாலு பேருக்குப் போட்டுத் தைக்கட்டும், அவர்கள் வயிற்றில் கரையட்டும். எனக்குப் போட்டது அந்தக் காலத்து நூல். நேற்று மழை பெய்தது. இழுத்தது.

ஆறு பேர் ஏறினார்கள். எதிரே நின்று, என் குரலைக் கேட்டுவிட்டு, ஏறாமல் போனவனை நான் மன்னிக்கமாட்டேன். உன் அப்பன் என்று இனி எழுதமாட்டேன். அவன் என் சின்னவன்.